சீட்டில் காலியாக இருந்த இடம்

செயின்ட் ஓமர், மெய்ன்
செப்டம்பர் 14

அன்புள்ள ரோஷெல்,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே குப்பைக் கூடையைத் தேடியிருப்பாய். போடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடு. நீங்கள் பேங்கருக்குக் குடிபோனதிலிருந்து, பதினான்கு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை, நீயும் எனக்கு எழுதவில்லை. போன் செய்தால் ரெனோதான் எடுக்கிறான். "பேச்சு குழறுதுன்னு அவ யார்கிட்டயும் போன்ல பேசறதில்ல நடீன், தப்பா நினைக்காத" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில். உன் புருஷனுக்குப் பொய் சொல்ல வராது. யாரிடமும் இல்லை, என்னிடம்தான் பேச விருப்பமில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எனக்குப் பல்கலைக்கழகத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேலையை விடாமலே மூன்று வருடம் படிக்கலாம். முடித்தால் நானே நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதலாம். பிரசவ வார்டில் நாம் இரண்டு பேரும் எட்டு வருடம் ஒரு கையெழுத்துக்காக டாக்டர் பின்னால் அலைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "நாமளே எழுதிக் குடுத்திருந்தா அந்தம்மா இந்நேரம் வீட்டுக்குப் போயி ரெண்டாவது புள்ளையும் பெத்திருப்பா" என்று சொல்வாய்.

எந்தப் பிரிவு என்பதை நவம்பர் முதல் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. ஒன்று குடும்ப நலம். பச்சைக் குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரையும் பார்க்கலாம், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித் தருவார்கள். இன்னொன்று பெண்கள் நலம். கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், கருப்பை, மாதவிடாய் நிற்கும் வயது என்று பெண்களை மட்டும்தான் பார்க்கலாம், ஆனால் அதில் ஆழமாகப் போகலாம். மருத்துவச்சிப் படிப்பு என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. பிரசவ வார்டையே இழுத்து மூடிய ஊரில் அதைப் படித்துவிட்டு எங்கே பிரசவம் பார்ப்பது?

நம் ஊர் கிளினிக்கை நடத்தும் மிஷோவுக்குக் குடும்ப நலம்தான் வேண்டுமாம். அதை எடுத்தால் படிப்புச் செலவு கிளினிக்குடையது, முடித்ததும் அங்கேயே வேலை. "எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ரூம் நடீன். அதுல உக்கார்றவங்க எந்திரத்துல விரல விட்டவனையும் பாக்கணும், சளி புடிச்ச கொழந்தையையும் பாக்கணும். பொம்பளைங்கள மட்டும்தான் பாப்பேன்னா, மத்தவங்கள நானா பாக்கறது? நான் கணக்குப் படிச்சவன்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எனக்குப் பெண்கள் நலம்தான் வேண்டும். ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பிரிவானாலும் 'இதை ஏன் தேர்ந்தெடுக்கிறேன்' என்று ஒரு கட்டுரை தர வேண்டும். நான் எழுதிவிட்டேன். உன் பெயர் அதில் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ஆனால் அது நீதான். உன்னைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. பிரதியை உள்ளே வைத்திருக்கிறேன். 'அனுப்பு' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உருளைக்கிழங்கு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கு மூன்று வாரம் லீவு, பிள்ளைகள் எல்லாம் வயலில். பத்தொன்பதாம் தேதி மிரேலுக்கு இரண்டு வயது முடிகிறது. தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன், அதையாவது அவளிடம் கொடு.

நடீன்

*

பேங்கர், மெய்ன்
செப்டம்பர் 22

நடீன்,

அனுப்பாதே.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. நீளமாக எதிர்பார்க்காதே.

கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'என் அலட்சியத்தால் ஓர் இளம் தாய் தன் வலது கையையும் பேச்சையும் இழந்தாள்' என்கிறாய். நான் எதையும் இழக்கவில்லை. கை மெதுவாக வேலை செய்கிறது. பேச்சு குழறுகிறது. நேற்று மிரேல் சோபா மேல் ஏறியபோது "வேணாம்" என்றேன். அவள் அதை என்னைப் போலவே குழறிச் சொல்லிக் காட்டினாள். ரெனோ வெலவெலத்துப் போய் என் முகத்தைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

'கேட்க வேண்டிய கேள்விகளை அன்று நான் கேட்கவில்லை.' இந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

எனக்காக யாரும் மூன்று வருடம் படிக்க வேண்டாம். பாவத்தைக் கழுவ வேண்டுமானால் தேவாலயத்துக்குப் போ. மிஷோ சொல்வதையே எடு. பெண்கள் நலம் படித்தால் உனக்கு அங்கே வேலை கிடையாது. போர்ட்லண்டில் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியில், தரைக்குக் கம்பளம் போட்ட அறையில் உட்கார்ந்திருப்பாய். ஊரில் இன்னொரு ஆள் குறையும், அவ்வளவுதான்.

ரோஷெல்

பி.கு. நீ அனுப்பிய பூட்ஸ் ஓர் அளவு பெரிது. போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.

*

செயின்ட் ஓமர்
செப்டம்பர் 30

ரோஷெல்,

இன்று என்ன தேதி என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். சரியாக இரண்டு வருடம் ஆகிறது.

உன் கடிதத்தைப் படித்து நாலு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். இனி முடியாது. என்னைத் திட்ட உனக்கு முழு உரிமை உண்டு, இரண்டு வருடமாகத் திட்டுவாய் என்றுதான் காத்திருக்கிறேன். நீ திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாய். இப்போது நானாக ஒரு வழி கண்டுபிடித்தால் அதையும் 'தேவாலயத்துக்குப் போ' என்று தள்ளிவிடுகிறாய். உனக்கு நான் என்னதான் செய்ய வேண்டும்?

அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசத்தான் விடவில்லை, எழுதவாவது செய்கிறேன். வார்டை மூடி என்னை எமர்ஜென்சி வாசலில் உட்கார வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் நாலு மணி. மிரேலைக் கூடையோடு தூக்கிக்கொண்டு நீ வந்தாய். பிறந்து பதினோரு நாள். "தலை வெடிக்குதுடி" என்றாய். "புள்ள பெத்தவளுக்கு தூக்கம் இல்லன்னா தலைவலிதான், இத நாம எத்தனை பேருக்கு சொல்லியிருப்போம்" என்றேன், நீயும் சிரித்தாய். பிரஷர் 148க்கு 94. "ரெண்டு காபி குடிச்சிருக்கேன், இந்தக் கூடையத் தூக்கிட்டு ஓடி வேற வந்தேன், கால் மணி கழிச்சுப் பாரு" என்றாய். சரி என்றேன்.

அந்தக் கால் மணிக்குள் அறுவடை எந்திரத்தில் கை சிக்கிய ஆளைக் கொண்டுவந்தார்கள். ரத்தத்தைத் துடைத்துவிட்டு நான் திரும்பியபோது நீ கார்ச் சாவியோடு நின்றாய். "போயி தூங்கறேன்" என்றாய். டாக்டர் பார்க்காமலே, இரண்டாவது தடவை பிரஷர் பார்க்காமலே விட்டுவிட்டேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன். நீயாக இருந்ததால் விட்டேன். நீ என்னைவிட நல்ல நர்ஸ், உனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். மறுநாள் காலை ரெனோ போன் செய்தான், பிரஷர் ஏறி உன் மூளையில் ரத்தம் கசிந்து நீ விழுந்துவிட்டாய் என்று.

விசாரணையில், அன்று உனக்கு நான் போட்ட நோயாளிச் சீட்டை மேசைமேல் வைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பிரஷர் ஆபத்தாக ஏறுகிறதா என்று பார்க்க, கண்ணில் மின்னல், விலாவுக்குக் கீழே வலி, முகத்திலும் கையிலும் வீக்கம் என்று மூன்று கட்டம் இருக்கும், உனக்குத் தெரியும். மூன்றும் காலியாக இருந்தன. "கேட்டீங்களா, கேக்கலியா?" என்றார்கள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. உன்னிடமும் ஆள் அனுப்பிக் கேட்டதாகவும், நீ இல்லை என்று தலையாட்டியதாகவும் சொன்னார்கள். என் கோப்பில் எச்சரிக்கை எழுதினார்கள். அது போகட்டும். எட்டு வருடம் பிரசவ வார்டில் இருந்துவிட்டு, அந்த மூன்று கேள்வியைக் கேட்காத நர்ஸ் நான். இதோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

ஆகவே கட்டுரையை அனுப்பத்தான் போகிறேன். வயதை மாற்றுகிறேன், மாதத்தை மாற்றுகிறேன், அது நீ என்று யாருக்கும் தெரியாது. உன் அனுமதியைக் கேட்டேன், நீ தரவில்லை. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

நடீன்

*

பேங்கர்
அக்டோபர் 7

நடீன்,

நீ கேட்டாய்.

மூன்று கேள்வியையும் கேட்டாய். பிரஷர் பட்டையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய். "கண்ணுல ஏதாவது மின்னுதா?" இல்லை என்றேன். "விலாவுக்குக் கீழ வலி?" இல்லை என்றேன். "மோதிரம் டைட்டா இருக்கா?" இல்லை என்றேன். மோதிரத்தை முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழற்றி ஜன்னல் மேல் வைத்திருந்தேன். காலையிலிருந்து வலது கண்ணில் வெள்ளிப் பொடி கொட்டிக்கொண்டிருந்தது. நீ எழுத எடுத்த பேனா கையில் இருக்கும்போதே அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் கட்டம் காலி.

அந்தக் கட்டுரை பொய். அதை அனுப்பினால் பல்கலைக்கழகத்துக்கு நானே எழுதிவிடுவேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். நானும் நர்ஸ் என்பதால்தான். எந்தப் பதில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டர் வருவார். கையில் மருந்து ஏறும். ஆம்புலன்ஸில் தெற்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கே இரண்டு நாள், மூன்று நாள். குழந்தையை ஏற்ற மாட்டார்கள், அவள் நோயாளி இல்லை. ரெனோ விடிந்தது முதல் இருட்டும்வரை வயலில். பத்து நாள் அழுது அழுது, அன்று காலையில்தான் மிரேல் ஒழுங்காக மார்பைப் பிடித்துக் குடித்தாள். அதை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் வார்டிலேயே ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் நான் அவளை விட்டிருக்கமாட்டேன்.

விசாரணை ஆள் வந்தபோது எனக்கு வாய் வரவில்லை, ஆனால் தலை ஆட்ட முடிந்தது. "நர்ஸ் உங்ககிட்ட இதெல்லாம் கேட்டாங்களா?" என்றார். ரெனோ கட்டில் பக்கத்தில் நின்றான். கேட்டாள் என்றால், நீ என்ன சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே இல்லை என்று தலையாட்டினேன். உன் வேலை போய்விடுமோ என்று அப்போது ஒரு வாரம் பயந்தேன். போகவில்லை என்று தெரிந்ததும், சரி, தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப்பின் உன் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாகிவிட்டது. நீ போன் செய்யும்போதெல்லாம் உன் குரல் ரெனோவின் கையிலிருந்து எனக்குக் கேட்கும். நீ எவ்வளவு வருத்தப்படுகிறாயோ அவ்வளவு எனக்கு எரிச்சல் வரும். வெட்கத்தைக் கோபம் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன்.

இரண்டாவது தடவை பிரஷர் பார்க்காதது உன் தப்புதான். அதை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். மற்றது என்னுடையது. உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி இதோடு இருக்கிறது. அசலை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று.

ரோஷெல்

*

செயின்ட் ஓமர்
அக்டோபர் 11

ரோஷெல்,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள்ளேயே படித்தேன். உள்ளே போக அரை மணி நேரம் ஆயிற்று.

இரண்டு வருடமாக, வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அந்த மூன்று கேள்வியைச் சத்தமாகக் கேட்டு, பதிலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். பைத்தியம் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி.

படிவம் மேசை மேல் கிடக்கிறது. எந்தப் பிரிவையும் குறிக்கவில்லை. எதற்காகப் படிக்க நினைத்தேனோ அதுவே இல்லை என்றாகிவிட்டது. இப்போது எழுத வேறு ஒன்றுமில்லை. பதில் போடாதே.

நடீன்

*

பேங்கர்
அக்டோபர் 20

நடீன்,

பதில் போடாதே என்றாய். போடுகிறேன், கோபப்பட்டுக்கொள்.

மன்னித்துவிடு என்று போன கடிதத்தில் எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ரெனோவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவன் விடியுமுன்னே எழுந்து வெளியே போய்விட்டான். மூன்றாம் நாள் காலையில் கல்லைப் போட்டு, நம் ஊர்த் தோசை மாதிரி பிலோய் சுட்டான், வெண்ணெய் தடவிச் சுருட்டி என் தட்டில் வைத்தான். பிறகு நின்றுகொண்டே சொன்னான்: "நீ சொல்லியிருந்தா எந்திரத்த வயலோட விட்டுட்டு வந்திருப்பேன். கெழங்கு அழுகினா அழுகட்டும்." அவன் வருவான் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுவடையில் ஓர் ஆணைக் கூப்பிடக்கூடாது என்று நம் ஊரில் எல்லாரும் வளர்ந்த மாதிரிதான் நானும் வளர்ந்தேன்.

உன் கோப்பைத் திரும்பப் பார்ப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்திருக்கிறது.

படிவத்தை அப்படியே விட்டுவிடாதே. குடும்ப நலமோ பெண்கள் நலமோ, எதையாவது எடு. நான் பொய் சொன்னதற்காக நீ வெறும் கையோடு நிற்பதை என்னால் தாங்க முடியாது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மிரேல் தினமும் அந்தப் பூட்ஸைக் காட்டி "யாரு, யாரு" என்கிறாள். உன் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'டீன்' என்கிறாள்.

ரோஷெல்

*

செயின்ட் ஓமர்
அக்டோபர் 28

ரோஷெல்,

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் போலியாகத் தெரியும். உன் கடிதத்துக்குப் பதில் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். தோளில் குழந்தை, பிறந்து ஒன்பது நாள். தலைவலி மாத்திரை ஒன்று கொடுத்தால் போதும், வாசலில் காரை அணைக்காமல் நிறுத்தியிருக்கிறேன் என்றாள். பிரஷர் 150க்கு 96. மூன்று கேள்வியையும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை. நான் எழுதினேன். வழக்கம்போல எழுதியதைத் திரும்பப் படித்தேன். மூன்று கட்டமும் நிரம்பியிருந்தது, எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. மூன்று கட்டமும் நிரம்பியிருந்தால் மட்டும் உனக்கு என்ன ஆகியிருக்கும்? மூன்று 'இல்லை' எழுதி உன்னை அனுப்பியிருப்பேன், என் பெயருக்கு ஒரு குறையும் வந்திருக்காது, நீ மறுநாள் காலையில் அப்படியேதான் விழுந்திருப்பாய். இரண்டு வருடமாக அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

பேனாவைக் கீழே வைத்தேன். "இங்க பாரும்மா, உன்னத் தெக்க அனுப்பறதா இருந்தா கொழந்தையும் உன்கூடவே வரும். உன்னத் தனியா ஏத்த மாட்டேன், நான் பொறுப்பு. இப்ப சொல்லு, கண்ணுல ஏதாவது தெரியுதா?" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். "காலைலேர்ந்து பூச்சி பறக்கற மாதிரி இருக்கு. எம்புருஷன் அறுவடை முடிஞ்சு கெழங்குக் கிடங்குல நிக்கறாரு, அவரக் கூப்பிட முடியாது" என்றாள்.

இரண்டாவது தடவை பிரஷர் பார்த்தேன். 168க்கு 110. டாக்டர் ஓடி வந்தார், மருந்து ஏற்றினோம். ஆம்புலன்ஸ் ஓட்டும் கில்பெர்ட் குழந்தையை ஏற்ற மாட்டேன் என்று நின்றான். "ஒரு வண்டி, ஒரு நோயாளி. இது நோயாளி இல்லியே" என்றான். உடனே குழந்தைக்கு ஒரு நோயாளிச் சீட்டுப் போட்டேன். எடை பார்த்தேன், பிறந்தபோது இருந்ததைவிட நூறு கிராம் குறைவு. ஒன்பதாம் நாளில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. 'எடை குறைவு, தாய்ப்பால் நிறுத்தக்கூடாது, கண்காணிப்பு தேவை' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "இப்ப ரெண்டு நோயாளி. ஏத்து" என்றேன். கில்பெர்ட் முனகிக்கொண்டே குழந்தையைக் கூடையில் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினான். புருஷனுக்கு நானே போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார், கிழங்கு மண் கையோடு. அதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள், இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. உன் கையை நினைத்தால் இதை எழுதவே கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இனி படிவத்துக்கு வருகிறேன். நான் குடும்ப நலம் எடுக்கிறேன். மிஷோவுக்காக இல்லை, நீ சொன்னதற்காகவும் இல்லை. தலைவலி என்று வருகிறவளுக்குத் தன்னுடையது பெண்கள் பிரச்சினை என்றே தெரியாது. அவள் பெண்கள் பிரிவைத் தேடிக்கொண்டு போகமாட்டாள். கிட்ட இருக்கிற கதவைத்தான் தட்டுவாள். நம் ஊரில் மிஷோவின் அந்த ஒற்றை அறைதான் அந்தக் கதவு, அங்கே நான் உட்கார வேண்டும். பெண்கள் நலப் படிப்பில் வருகிற ஆழம் இதில் வராது, அது எனக்குத் தெரியும், அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. பின்னால் ஒரு வருடம் தனியாகப் படித்து அதையும் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். மிஷோவிடம் ஒரு நிபந்தனை போட்டேன். பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணையும் முதல் வாரத்திலேயே நான் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன், அதற்கு வாரத்தில் ஒரு நாள் அறையைப் பூட்டிக்கொள்வேன் என்று. "இருமல் கொழந்தைங்க அன்னிக்கு என்ன பண்ணும்?" என்றார். "இருமும்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

புதிய கட்டுரை உள்ளே இருக்கிறது. இதில் நான் இரண்டாவது தடவை பிரஷர் பார்க்காததும் இருக்கிறது, நீ மூன்று தடவை பொய் சொன்னதும் இருக்கிறது, ஏன் சொன்னாய் என்பதும் இருக்கிறது. அந்த 'ஏன்' இல்லாமல் இதை எழுத முடியவில்லை. சனிக்கிழமை, ஒன்றாம் தேதி, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இந்தத் தடவை நீ வேண்டாம் என்றால் அனுப்பமாட்டேன். வேறு ஏதாவது எழுதித் தருகிறேன், அது இவ்வளவு உண்மையாக இருக்காது.

நடீன்

*

பேங்கர்
அக்டோபர் 31

அன்புள்ள நடீன்,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கினாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படித்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரி இருந்தது.

கட்டுரையை அனுப்பு. என் பெயரைப் போடு. முழுப் பெயர், ரோஷெல் டேகல், பதிவு பெற்ற நர்ஸ் என்று.

ஒரே ஒரு திருத்தம். மூன்று கேள்வி என்று எழுதியிருக்கிறாய். நானும் உனக்கு மூன்று என்றுதான் எழுதினேன். நாலு. ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நீ எழுந்து ஓடினாய், ஓடும்போதே திரும்பி, "அதிகமானா எனக்கு சொல்வியா?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விக்குச் சீட்டில் கட்டமே கிடையாது. மற்ற மூன்றையும் நீ நர்ஸாகக் கேட்டாய், இதை மட்டும் என் தோழியாகக் கேட்டாய். "சொல்றேன்" என்றேன். அன்று நான் சொன்ன பொய்களில் எனக்கு அதிகம் வலிப்பது அதுதான், ஆகவே போன தடவை அதை எழுதவில்லை.

இந்தக் கடிதம் நாளை மாலைக்குள் உன் கைக்கு வராது. இதை மடித்துக் கவரில் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்யப் போகிறேன். ரெனோ இல்லை, நான்தான் பேசுவேன். நாக்கு குழறும், பாதி வார்த்தை வழியும், அவசரப்பட்டு நீயே முடித்துவிடாதே. முடிக்கும்வரை கேள்.

அன்று சொல்கிறேன் என்றதை இப்போது சொல்லப் போகிறேன்.

ரோஷெல்